பேரரசரின் எச்சில் கிண்ணம்

கிண்ணத்தில் முந்திரி கலந்திருந்தது. நாக்கில் பட்டதுமே விஷாகாவுக்குத் தெரிந்துவிட்டது.

தேங்காய்ப்பால்தான் இருக்க வேண்டும். ஒத்திகை முழுக்க அதுதான் இருந்தது. சீன அரண்மனையின் அரிசி மது என்று காட்ட, மேடை வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியட்டும் என்று தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த தேங்காய்ப்பால். இப்போது அதில் வழவழவென்று இன்னொன்றும் சேர்ந்திருந்தது. விஷாகாவின் அம்மா மார்த்தாண்டத்தில் முந்திரி ஆலைக்குப் போனவள். கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் வெந்த விரல்களால் அவள் மடியில் முடிந்து கொண்டுவரும் உடைசல் பருப்பைத் தின்று வளர்ந்தவளுக்கு அந்த ருசி மறக்குமா?

மூன்றடி தள்ளி, சிம்மாசனத்தில் பேரரசர் வேடத்தில் உட்கார்ந்திருந்த சேனாபதிக்கு முந்திரி ஆகவே ஆகாது. அரிப்பு, தடிப்போடு போகிற விஷயம் இல்லை. போன வருடம் இந்த அமெரிக்க ஊரில், காப்பெலில், ஒரு புதுமனை புகுவிழாவில் தெரியாமல் ஒரு இனிப்பைக் கடித்துவிட்டு, தொண்டை அடைத்து, முகம் நீலம் பாரித்து ஆம்புலன்ஸில் போனவர். மனைவி சாரதாவின் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசிதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு நாடகக் குழுவில் யாரும் ஒத்திகைக்கு மிக்சர்கூடக் கொண்டுவருவதில்லை.

பேரரசி வேடத்தில் மதுக்குடுவையோடு பக்கத்தில் நின்றவள் அதே சாரதா. குடுவையை நிரப்பியதும் அவள்தான். இன்றைக்குப் பார்த்து கைப்பையை வீட்டில் விட்டு வந்திருந்தாள். மேக்கப் அறையில் யாரோ கேட்டதற்கு, பட்டு அங்கிக்கு ஹேண்ட்பேக் பொருந்தாது என்று சொல்லிச் சிரித்தாள். விஷாகாவும் கூடச் சிரித்தாள்.

விஷாகாவின் வேடம், பேரரசரின் உணவைச் சுவை பார்ப்பவள். கதைப்படி அவள் பேரரசிக்கு விலைபோனவள். நஞ்சு கலந்த மதுவைக் குடித்ததாகப் பாவனை செய்து, தூய்மையானது என்று பொய் சொல்வாள். பேரரசர் குடித்துச் சாவார். திரை விழும்.

ஒத்திகையிலும் பாவனைதான். ஏனென்றால் சேனாபதிக்கு அடுத்தவர் எச்சில் ஆகாது. இன்னொருவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டார். எதையும் அண்ணாந்துதான் குடிப்பார். சீன ராஜா அண்ணாந்து குடித்தால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று இயக்குநர் சந்தானம் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். "உங்க ராஜா எப்படி வேணா குடிக்கட்டும், நான் இப்படித்தான் குடிப்பேன்" என்றுவிட்டார் சேனாபதி. நாடகச் செலவு அவருடையது. சந்தானம் வாயை மூடிக்கொண்டார்.

ஆக, கிண்ணத்தை யாரும் உண்மையிலேயே ருசி பார்க்கப் போவதில்லை. சாரதா போட்ட கணக்கு இதுதான். இன்று மேடை விளக்கின் சூட்டிலும், ஐந்து கிலோ அங்கியின் பாரத்திலும் விஷாகாவுக்குத் தொண்டை காய்ந்துபோகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. உதடு படாமல் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அறுநூறு பேர் அவள் வசனத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டாவது வரிசையில் அவள் கணவன் செழியனும் மகள் கயலும் இருந்தார்கள். செழியன் சேனாபதியின் கம்பெனியில் வேலை செய்கிறவன். பெரிய கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பிச் சம்பளத்தில் பங்கு எடுக்கும் கம்பெனி அது. அந்தப் பங்கு ஏன் இவ்வளவு என்று போன மாதம் செழியன் கேட்டுவிட்டான். விசா நீட்டிப்பில் கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்குக் கிளம்பு என்றார் சேனாபதி. விண்ணப்பம் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் அதை அனுப்பக் கம்பெனி டைரக்டர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். இந்த மாதத்தோடு கெடு முடிகிறது.

சாரதாவின் கதை காப்பெல் முழுக்கத் தெரியும். கம்பெனியை அபார்ட்மெண்ட் சமையல் மேடையில் வைத்து ஆரம்பித்தவள் அவள். இப்போது சேனாபதி அவளை டைரக்டர் பதவியிலிருந்து கழற்றிவிடுகிறார். வேறு மாநிலத்தில், சான் ரமோனில், இன்னொருத்தி பெயரில் வீடு வாங்கியிருக்கிறார். ஊரே பேசுகிறது, அவள் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் பேசுவதில்லை. மேடை ஏறும் முன் விஷாகாவின் கையைப் பிடித்து, "டென்ஷன் ஆகாத. நாடகம் முடியட்டும், செழியன் விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது விளங்கியது.

ஒன்றும் செய்ய வேண்டாம். எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொன்னால் போதும். இந்த ஆள் ஒழிவான், கையெழுத்து வரும், கயல் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பாள். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. பாவனைதானே செய்தாள்?

வாயைத் திறந்தாள். வேறு வசனம் வந்தது.

"இதில் நஞ்சு கலந்திருக்கிறது, பேரரசே."

பக்கத் திரைக்குப் பின்னால் சந்தானம் வசனத்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சேனாபதியின் மை தீட்டிய புருவம் மேலே ஏறியது. புருஷனுக்காகப் பழிவாங்க நாடகத்தைக் கெடுக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டது அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஆள் மேடைக்குப் பழக்கப்பட்டவர்.

"இவள் பொய் சொல்கிறாள்," என்றார் கம்பீரமாக. "கிண்ணத்தைக் கொடு."

விஷாகா கொடுக்கவில்லை. மடமடவென்று மொத்தத்தையும் தானே குடித்தாள். சபை சிரித்தது. சாரதா அசரவில்லை. "பாவம், தாகம் போலும். குடுவை நிறைய இருக்கிறது, பேரரசே" என்று தயங்காமல் ஒரு வசனத்தைப் போட்டு, இன்னொரு கிண்ணத்தை நிரப்பி நேராகச் சேனாபதி கையிலேயே கொடுத்தாள். கைதட்டல் எழுந்தது. இதெல்லாம் எழுதி வைத்தது என்றே சனம் நினைத்தது.

விஷாகா அங்கியில் குத்தியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "சார், முந்திரி. சத்தியமா."

அவரும் மைக்கைப் பொத்தினார். "ஊத்தினது என் வொய்ஃப். உன் வேலையப் பாரு."

தன்னைக் காப்பாற்றிய கை அது. அதை அவர் சந்தேகப்பட வழியே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தார். கிண்ணம் மேலே போனது. தொண்டைக் குழி ஏறி இறங்கத் தயாரானது.

விஷாகா சிம்மாசனத்தின் இரண்டு படியையும் ஒரே எட்டில் தாண்டினாள். அங்கி காலில் சிக்கி முழங்கால் படியில் மோதியது. விழுகிற வேகத்தில் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிண்ணம் சாய்ந்து பால் அவள் அங்கியின் கையை நனைத்தது. அவர் பலசாலி, கிண்ணத்தை விடவில்லை. மீதியை மறுபடி தூக்கினார். இவரை வார்த்தையால் நிறுத்த முடியாது. அவர் கையிலிருந்த கிண்ணத்திலேயே வாயை வைத்தாள். வைத்தது மட்டுமில்லை. விளிம்பைச் சுற்றி நாய் நக்குகிற மாதிரி நக்கினாள்.

சபையிலிருந்து ஒரு அருவருப்புச் சத்தம், அதன் மேலேயே விசில்.

சேனாபதி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உதறினார். கிண்ணம் உருண்டு ஓடி விளக்கில் மோதி நின்றது. கையை டிராகன் தைத்த அங்கியில் அழுத்தித் துடைத்தபடி, இவளை இழுத்துச் செல்லுங்கள் என்று கத்தினார். ஈட்டியோடு நின்ற இரண்டு சாஃப்ட்வேர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவளை மெதுவாக இழுத்துப் போனார்கள். பேரரசர் சாகவில்லை, இதற்கு மேல் கதை எங்கே போகும் என்று தெரியாமல் சந்தானம் திரையை இறக்கினார். சனம் எழுந்து நின்று தட்டியது.

மேக்கப் அறையில் சேனாபதி போட்ட சத்தம் பார்க்கிங் வரை கேட்டிருக்கும். அறுநூறு பேர் முன்னால் தன்னைக் கோமாளி ஆக்கிவிட்டாள் என்றார். கொடுத்த சோற்றுக்கு இதுதான் மரியாதையா என்றார். அவர் கட்டைவிரலில், பால் தெறித்த இடம் சிவந்து தடித்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. விருந்தினர்கள் போட்டோவுக்குக் கூப்பிட, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

சாரதா குடுவையை எடுத்துக்கொண்டு குழாயை நோக்கிப் போனாள்.

"கழுவுங்கக்கா," என்றாள் விஷாகா. "என் ஸ்லீவ் நனைஞ்சிருக்கு. அத நான் கழுவ மாட்டேன்."

சாரதா நின்றாள். குடுவையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. மறுக்கவும் இல்லை.

"உனக்கும் நல்லதுதானடி. ஏன் கெடுத்த?"

"இந்த மாதிரிக் கதையில ராஜாவுக்கு அப்புறம் சாகறது யாரு? ருசி பாத்தவதான. எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நீங்க குடுக்கற காபிய நான் எப்படிக் குடிக்கறது?"

சாரதாவின் உதட்டோரம் லேசாக வளைந்தது. விஷாகா சிரிக்கவில்லை. இன்னும் டைரக்டர்தானே என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றாள் சாரதா.

"அப்ப செழியனுக்கு இப்பவே கையெழுத்துப் போடுங்க. ஃபோன்லயே போடலாம். வக்கீல் அனுப்பி மூணு வாரம் ஆச்சு."

சாரதா ஃபோனை எடுத்தாள். பேரரசியின் விரல்களில் மாட்டியிருந்த நீளமான பொன்னிற நக உறைகளுக்கு ஃபோன் திரை அசையவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் போட்டாள். ஆள்காட்டி விரலில் இருந்தது பசையோடு இறுகிக்கொண்டது. விஷாகா அந்தக் கையைப் பிடித்துத் திருகி இழுத்தாள். நகத்தோரம் ரத்தம் கசிந்தது. அந்த விரலாலேயே கையெழுத்து விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகுதான் விஷாகா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு," என்றாள். "கோர்ட்டுக்குப் போங்க. அவர உரிச்சு எடுங்க, பாதிய வாங்குங்க. நானே வந்து கைதட்டுவேன். ஆனா அவர் தொண்டைக்கு ஏதாவது ஆச்சு, இந்த அங்கி போலீஸ்ல இருக்கும். இன்னைக்கே ஒரு ஊசிய அவர் கார்ல வைங்க. வெச்சுட்டு எனக்கு ஃபோட்டோ அனுப்புங்க."

சாரதா விரலை வாயில் வைத்துச் சப்பியபடி கண்ணாடி வழியாக அவளையே பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

சந்தானம் கதவைத் தட்டினார். சனம் கலையவில்லை, சுவை பார்ப்பவளைக் கேட்கிறார்கள், உடனே வாருங்கள் என்றார். அவர் முகம் எல்லாம் பல்லாக இருந்தது. அந்த முடிவைத் தான்தான் எழுதியதாக வெளியே நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

விஷாகா அங்கியைக் கழற்றிச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வெள்ளை பூசிய முகத்தோடும் ஜீன்ஸ், டீ-ஷர்ட்டோடும் மேடைக்குப் போனாள். சபை ஆர்ப்பரித்தது. கயல் நாற்காலி மேல் ஏறி நின்றாள். வரிசையாகக் கைகோத்து வணங்க வேண்டும். ஒரு பக்கம் சாரதா, மறுபக்கம் சேனாபதி. வேறு வழியில்லாமல் அவர் அவள் கையைப் பிடித்தார். தடித்த கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் கதகதவென்று துடித்தது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சபையைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். "மன்டேலேர்ந்து உன் புருஷன் ஆபீஸ் வர வேண்டாம்."

"வரமாட்டார் சார்," என்றாள் விஷாகா, குனிந்து வணங்கிக்கொண்டே.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு, அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். திரை இறங்கிக்கொண்டிருந்தது.