செபஸ்தியாருக்குப் பச்சைக்கொடி

கார்லோ சாமி இத்தாலியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. திருச்சியில் கற்ற அரைகுறைத் தமிழோடு அவரைத் தெலுங்கு ஊரான மெட்டுகுடாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழர்கள் அவருடைய பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டார்கள். ஷிப்டு முடித்து வந்தவர்கள் பொறுமையாகத் தூங்கினார்கள். அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் பிஷப் வீட்டில் ஒரு டைப்ரைட்டர் ஆளில்லாமல் கிடந்தது.

போன வருடம், கார்லோ வருவதற்கு முன், செபஸ்தியார் பவனி கோயிலுக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. காத்திருந்த பிஷப் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்த வருடமும் தாமதமானால் கார்லோவுக்கு டைப்ரைட்டர்தான் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அதனால் 1962 ஜனவரியில், திருவிழா மாலையில், கார்லோ பவனிக்கு முன்னால் தானே நின்றார். சப்பரத்தைத் தோளில் தூக்கியவர்கள் டிரைவர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன் என்று எல்லாரும் ரயில்வேக்காரர்கள். கோயில் வாசலைத் தாண்டியதும், வேதசாட்சியின் ரத்தத்தைக் குறிக்கும் சிவப்புக் கொடியை விரித்து உயர்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கொஞ்ச தூரம் போனபின்தான் பேண்டு சத்தம் வெகு பின்னால் கேட்பது உறைத்தது.

திரும்பினார். சப்பரம் அசையாமல் நின்றது. வாருங்கள் என்று கொடியை ஆட்டினார். சப்பரத்தைக் கீழே இறக்கினார்கள். இன்னும் பலமாக ஆட்டினார். டிரைவர் பெருமாள் பீடி பற்றவைத்தார்.

தன் பிரசங்கத்தின் மேல் உள்ள கோபம்தான் இது என்று கார்லோவுக்குத் தோன்றியது. ஓடிவந்து, போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்காக மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. கார்டு ஆரோக்கியசாமியின் மனைவி தாயம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"சாமி, செவப்பக் காட்டிக்கிட்டே வா வான்னா இவங்க எப்படி வருவாங்க?"

அது செபஸ்தியாரின் ரத்தம் என்று கார்லோ விளக்கினார். ஆரோக்கியசாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க சர்வீசுல ஒரு செவப்பு தாண்டினதில்ல சாமி. செபஸ்தியாரே எறங்கி வந்து சொன்னாலும் நக்கோ, முடியாது."

கார்லோ கொடியைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டார். அப்போதும் யாரும் நகரவில்லை. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அதையும் சிவப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெருமாள் புகை விட்டபடி விதியைச் சொன்னார். ரயில்வேக்கே சம்பந்தமில்லாத பேண்டு மாஸ்டரும் தலையாட்டினார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைக்கொடி ஸ்டேஷனில் இருந்தது. திருவிழாவுக்கு எடுக்க முடியாது. கார்லோ தெருவை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வீட்டுக் கொடிக்கயிற்றில் பச்சைப் பாவாடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவிக் கையில் கிடைத்த ஒரு கழியில் கட்டி உயர்த்தினார்.

சப்பரம் கிளம்பியது. லேட்டான வண்டியைச் சரிக்கட்டும் வேகம். தாயம்மாள் ஏதோ கத்தினாள். பச்சை விழுந்தபின் யாரும் நிற்பதாக இல்லை. டிரம்பெட்காரர் ஓடிக்கொண்டே ஊதினார். செபஸ்தியார் உடம்பில் குத்தியிருந்த அம்புகளில் இரண்டு குலுக்கலில் கழன்று விழுந்தன. உயிரோடு இருந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பார்.

தெருக்களைச் சுற்றிக் கோயிலுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பிஷப் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பச்சை இன்னும் உயரத்தில்தான் இருந்தது. பவனி பிஷப்பைத் தாண்டிப் போய்விட்டது.

கார்லோ அக்குளிலிருந்து சிவப்பை உருவிக் காட்டினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஆரோக்கியசாமி சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், ஊதினார். பேண்டு, சப்பரம், பெண்கள் என்று மொத்தப் பவனியும் முகம் திருப்பாமல் பின்னோக்கி நடந்து வாசலுக்கு நேராக வந்து நின்றது.

பிஷப் தீர்த்தச் செம்பைக் கையில் வாங்கினார். செபஸ்தியார் மீதும் இரண்டு கொடிகள் மீதும் தீர்த்தம் தெளித்தார். பச்சை எதைக் குறிக்கிறது என்று கேட்டார்.

பொய் சொல்லக் கார்லோவுக்கு இத்தாலிய மொழியிலேயே வராது. தமிழில் எங்கே வரப்போகிறது? "பாவாடை, ஆண்டவரே."

பிஷப் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். டைப்ரைட்டருக்கு நிதானமான ஆள் வேண்டும், நீ இங்கேயே கிட என்று சொல்லிவிட்டுப் பூசைக்கு உள்ளே போனார்.

தாயம்மாள் கழியிலிருந்து பாவாடையை அவிழ்த்துக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"தீர்த்தம் தெளிச்சத இனிமே நான் எப்படி சாமி கட்டுறது? வேற வாங்கிக் குடுத்துட்டு இத நீங்களே வச்சுக்குங்க. அடுத்த வருஷத்துக்கு ஆகும்."