கண்ணுக்கு ஒரு சர்ட்டிபிகேட்

அறுபது வயதுக்காரன் கண்ணை எவனும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு லைசென்ஸ் வேண்டும்.

என் பெயர் கொளஞ்சியப்பன். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு இருபத்தோரு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். ஜீப் தியாகதுருகம் சுப்புராயனுடையது. "லைசென்ஸ ரெனிவல் பண்ணிக்கினு வாங்க. இல்லாட்டி சாவிய எம் மச்சான் பையங்கிட்ட குடுத்துருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பையனுக்கு வளைவில் ஆரன் அடிக்கக்கூடத் தெரியாது.

வெள்ளிக்கிழமையோடு லைசென்ஸ் முடிகிறது. அன்று புதன். இடஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றைக்கே டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால்தான் உண்டு.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து. டாக்டர் அறைச் சுவரில் இங்கிலீஷ் எழுத்து அட்டை தொங்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. டிரைவர் செல்லமுத்து சொல்லிக்கொடுத்ததை மேலிருந்து கீழ்வரை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவேன். மலை டிரைவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

கள்ளக்குறிச்சியில் அந்த டாக்டர் முன்னால், தரையில் போட்டிருந்த கோட்டில் நின்று, "ஈ... எஃப், பி..." என்று கணீரென்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெரியவரே, அது பழைய அட்டை. போன மாசமே மாத்தியாச்சு. நீங்க சொன்னது எதுவுமே இதுல இல்ல."

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. டாக்டர் 'பார்வைக் குறைவு' என்று எழுதிவிட்டு, "வண்டி ஓட்டுனது போதும். வூட்டுல உக்காருங்க" என்றார்.

அவமானம் கோபமாக மாறியது. "எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாதுங்க. கண்ணு நல்லாத் தெரியுது."

"எழுத்தச் சொல்லாம எப்படிக் குடுக்கறது? அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் ரோட்டுல மரம் கெடக்கும் சார். ஒரு பேப்பரும் பேனாவும் குடுங்க. பேர் சொல்லத் தெரியாட்டி இன்னா? வரைஞ்சு காட்டறேன்."

சலித்துக்கொண்டே மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினார். நான் கோட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. பக்கத்தில் இருப்பது எனக்குக் கொஞ்சம் மங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தூரம்தான் முக்கியம். ஒரு கண்ணைப் பொத்தி மேல் வரிகள், மறு கண்ணைப் பொத்தி கீழ் வரிகள் என்று, பார்த்துப் பார்த்துக் கோலம் போடுவது போல ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். சிரித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் சீட்டை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் விரலை வைத்து, "இது இன்னா? இப்படி ஒரு வரியே அட்டையில இல்லையே" என்றார்.

"இருக்குதுங்க. கீழ் ஓரத்துல, எறும்பாட்டம். கிட்டப் போயிப் பாருங்க."

போனார். குனிந்தார். தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். அட்டையை அச்சடித்த கம்பெனியின் பேர்.

"சார் வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் 'பார்வைக் குறைவு' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, முத்திரையைத் தேடி எடுத்தார்.