காற்றைப் பூட்டிய மருத்துவமனை

முறிந்த காலோடு உள்ளே போன தம்பி, நுரையீரல் காய்ச்சலில் இறந்து சவப்பெட்டிக்குள் வெளியே வந்தான். மொராவா ஆற்றங்கரையில் நின்ற அந்த மாவட்ட மருத்துவமனையைப் பற்றி டாக்டர் ஸ்லாவென்காவின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த வழக்கு அவ்வளவுதான். தம்பி ஓக்னியென் படுத்திருந்த அறையில் பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். இருமலில் பிறந்த கிருமி வெளியேற வழியின்றி அறைக்குள்ளேயே சுற்றியது. சுற்றிச் சுற்றி இளையவனின் மார்பைக் கண்டுபிடித்தது. அந்த அறைக்குச் சன்னல்கள் இருந்தன. சன்னல்களுக்குக் கைப்பிடிகள் இல்லை.

கைப்பிடிகளைக் கழற்றச் சொன்னவர் இயக்குநர், பேராசிரியர் ரதோமிர்.

சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே பாயும் குறுக்குக் காற்று நோயைக் கொண்டுவரும் என்று குலைநடுங்கும் நாடு அது. கழுத்துப் பிடித்தால் குறுக்குக் காற்று, காது வலித்தால் குறுக்குக் காற்று, வாய் கோணினால் குறுக்குக் காற்று. வெயிலில் வேகும் பேருந்தில் ஒருவர் சன்னலைத் திறந்தால் நால்வர் எழுந்து மூடுவார்கள். எழுத்தறியாதவனும் அஞ்சினான், ஏடு பல கற்றவனும் அஞ்சினான். நுரையீரல் மருத்துவரான ஸ்லாவென்கா ஒருத்தி மட்டும் அறை அறையாகச் சென்று சன்னல்களைத் திறந்தாள். நோயாளிகள் முறையிட்டார்கள். அடுத்த நாள் மருத்துவர் கூட்டத்தில் அவள் நுழைந்ததும் ரதோமிர் கையைத் தட்டினார்.

"வந்துட்டாங்கப்பா, காத்து டாக்டர்! எல்லாரும் தொப்பியப் புடிச்சுக்குங்க!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அன்று மாலையே கைப்பிடிகள் கழன்றன. அந்தக் குளிர்காலத்தில்தான் ஓக்னியென் பைக்கிலிருந்து விழுந்தான்.

அடக்கத்திற்கு ரதோமிர் மலர் வளையத்தோடு வந்தார். "எல்லாம் விதிம்மா" என்று அவள் தோளைத் தொட்டார். அவள் அழவில்லை. விதிக்கு விரல்கள் உண்டு, அந்த விரல்கள் என் தோள்மேல் இருக்கின்றன என்று எண்ணினாள். உன்னைத் தனியறையில் வீழ்த்த மாட்டேன். எந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாயோ அந்தக் கூட்டத்தின் கண்முன்னே வீழ்த்துவேன் என்று அங்கேயே சூளுரைத்தாள்.

ஆண்டுகள் நகர்ந்தன. அவளை அடித்தளத்துக்கு, சுரங்கத் தொழிலாளரின் கரி படிந்த நுரையீரல்களைப் பார்க்கும் புறநோயாளர் பிரிவுக்கு அனுப்பினார்கள். மேலே ரதோமிர் வளர்ந்தார். காலம் மாறியதை முகர்ந்தறிந்து தாமும் மாறினார். அதாவது, மேடையில் மாறினார். நேற்று வரை சன்னலைப் பூட்டியவர் இன்று சீர்திருத்தத்தின் முகமானார். அவர் கட்டிய புதிய நுரையீரல் வார்டில் கூரையின் வாய்கள் தூய காற்றை இறக்கும். சுவரோர வாய்கள் கெட்ட காற்றை உறிஞ்சும். கதவருகே ஒரு திரை காற்றின் தூய்மையைப் பச்சை எழுத்தில் பறைசாற்றும். ஸ்லாவென்கா கெஞ்சிக் கேட்டு அவர் குப்பையில் எறிந்த அதே திட்டம்! செய்தித்தாள்கள் அவரைப் புதுமையின் தலைவர் என்று போற்றின. தலைநகரத்தில் மருத்துவமனைச் சீர்திருத்தக் குழுவின் தலைமை அவருக்காகக் காத்திருந்தது. குழுவினர் மருத்துவமனையின் காவல் புனிதருக்கான ஆண்டுத் திருநாளுக்கு வருவார்கள், விருந்துண்பார்கள், அவரை அழைத்துப்போவார்கள் என்று நகரமே பேசியது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு நோயாளியைப் பார்க்க அவளைப் புதிய வார்டுக்கு அழைத்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே பணிமனைக்காரர், பெயர் க்வோஸ்டென். இருமலுக்கு நடுவிலும் வாய் ஓயாதவர். அவர் முதுகைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள் தற்செயலாக மேலே பார்த்தாள். காற்று இறங்கும் வாயின்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி, வரிவரியாக, இடைவெளியின்றி ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"கூரைக்குக் காயம், டாக்டரம்மா" என்றார் க்வோஸ்டென். "கட்டுப் போட்டிருக்கோம்."

தலைமைச் செவிலி ருஜித்சா கையைப் பிசைந்தாள். "புரொபசர்தாம்மா ஒட்டச் சொன்னாரு. ரவுண்ட்ஸ் வந்தப்ப பிடரியில காத்து அடிச்சிருக்கு. மறுநாள் கழுத்தத் திருப்ப முடியல. 'நோயாளிங்கள சாவடிக்கப் போறியா, மூடுடி'ன்னாரு."

"எல்லாத்தையுமா?"

"செவத்துல இருக்கறதையும் சேத்துத்தான். அந்தத் திரை மட்டும் அதுபாட்டுக்குப் பச்சையா எரியுது. மெஷின் ஓடுதுன்னுதான் அதுக்குத் தெரியும். காத்து வருதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்லாவென்காவின் கை உயர்ந்தது. ஒரு நாற்காலி போட்டு ஏறினால் போதும். பற்றி இழுத்தால் போதும். உயர்ந்த கை பாதியில் நின்றது. திருநாள் அவள் கண்முன் விரிந்தது. விருந்தினர், கூட்டம், ரதோமிரின் நிமிர்ந்த முகம். கை இறங்கியது.

"விடு ருஜித்சா. அப்படியே இருக்கட்டும்."

அங்கிருந்து நேரே கோவிலுக்குப் போனாள். பாதிரியார் அவளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். "டாக்டரம்மாவா? எங்க கோவில் வாசப்படி உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க பாதர். இந்தத் தடவை திருநாள் பூசைய ஹாலோட நிறுத்திடாதீங்க. புது வார்டுக்குள்ள வந்து தூபம் போடணும். தாராளமாப் போடணும்."

"புரொபசர் சொன்னாரா?"

"நான் சொல்றேன். அவரு வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. அத்தனை பேரு பார்க்கிறப்ப சொல்லவே மாட்டாரு."

திருநாள் வந்தது. கூடத்தில் மெழுகுவத்தி எரிந்தது. இனிப்பிட்ட கோதுமையை ஆளுக்கொரு கரண்டி உண்டார்கள். விழாவின் வீட்டுக்காரர் என்ற முறையில் ரதோமிர் பாதிரியாரோடு சேர்ந்து ரொட்டியைச் சுழற்றிப் பிட்டார். பழச்சாராயக் கோப்பைகள் உயர்ந்தன. பாதிரியார் வார்டைப் பற்றி வாயெடுத்ததும் ரதோமிர் முந்திக்கொண்டார். "வாங்க பாதர், வாங்க! குழுவும் வரட்டும்!" தாமே கதவைத் திறந்தார். தாமே கட்டில்களின் நடுவில் நின்று கையை வீசினார்.

"இங்க காத்து நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு தீக்குச்சியோட புகையக்கூட இங்க தேடிப் பாக்க முடியாது."

"அப்ப தாராளமா வீசுங்க, பாதர்" என்றாள் ஸ்லாவென்கா.

தூபக்கால் ஆடியது. புகை எழுந்தது; எழுந்த இடத்திலேயே நின்றது. அடுத்த வீச்சில் அதன்மேல் இன்னொரு புகை ஏறி உட்கார்ந்தது. கட்டில்களுக்கு மேலே சாம்பல்நிறக் கூரை ஒன்று உருவாகி மெல்லக் கீழிறங்கியது. ஒருவர் இருமினார், இருவர் இருமினார், வார்டே இருமியது. கதவருகே திரை மட்டும் 'தூய காற்று' என்று பச்சையாகப் புன்னகைத்தது.

குழுவின் தலைவி, நரைமுடியைக் கத்தரித்திருந்த பெண்மணி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "புகை ஏன் போகல, புரொபசர்?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "எங்கம்மா போறது? மேல ஒட்டியாச்சு, செவுத்துல ஒட்டியாச்சு. நாங்களே போக வழியில்லாமத்தான் கெடக்கோம்!" என்று சொல்லிவிட்டு க்வோஸ்டென் இருமலில் சுருண்டார்.

ஸ்லாவென்கா நாற்காலியின்மேல் ஏறினாள். பிளாஸ்திரியைப் பற்றி இழுத்தாள். தோல் உரிவதுபோல் அது ஓலமிட்டு வந்தது. இறங்கிச் சுவரோர வாய்களையும் உரித்தாள். நின்றிருந்த புகை நெளிந்தது, நீண்டது, யாரோ நூல் பிடித்து இழுப்பதுபோல் சுவரை நோக்கி ஓடி மறைந்தது. அத்தனை கண்களும் அதைப் பின்தொடர்ந்தன.

"பெரியோர்களே!" அவள் குழுவின் பக்கம் திரும்பினாள். "இவரு அன்னைக்கு சன்னலப் பூட்டினாரு. என் தம்பி செத்தான். இன்னைக்கு மெஷின வாங்கி அதையும் பூட்டினாரு. புதுமைன்னு சொல்லிப் பூட்டினதுக்கு நீங்க பதவி குடுக்க வந்திருக்கீங்க. குடுங்க! ஆனா இந்தக் கட்டில்ல ஒரு ராத்திரி படுத்துட்டு அப்புறமாக் குடுங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. பல்லாண்டு அவள் பசித்திருந்த அமைதி அது. ரதோமிரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஆனாலும் அவர் முட்டாள் அல்லர். தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நீ இதை எப்பப் பாத்த, ஸ்லாவென்கா?"

அவள் கையிலிருந்த பிளாஸ்திரியைச் சுருட்டினாள்.

"சொல்லேன். எப்பப் பாத்த?"

"முந்தாநாள்."

"பாத்துட்டு சும்மா இருந்தியா? இந்தக் கிழவருக்குக் காலையிலேருந்து காய்ச்சல். தெரியுமா? நான் பயத்துல மூடினேன். நீ தெரிஞ்சே தொறக்காம விட்ட."

குழுத் தலைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். விருந்து மேசையில் வறுத்த பன்றிக்கறி ஆறிப்போயிற்று.

ரதோமிர் தலைநகரத்துக்குப் போகவில்லை. குளிர்காலம் முடியுமுன் உடல்நலம் கருதி என்று சொல்லிப் பதவி விலகி, திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு ஒதுங்கினார். வார்டின் தலைமை ஸ்லாவென்காவிடம் வந்தது. வேறெவரும் அதைக் கேட்கவில்லை. பழிவாங்கியது இனித்தது. இல்லையென்று அவள் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் க்வோஸ்டெனின் காய்ச்சல் இறங்கும் வரை அவள் வீட்டில் உறங்கவில்லை, கட்டிலருகே நாற்காலியில் உறங்கினாள். இறங்கியது. கிழவர் பிழைத்தார்.

தலைவியாக அவள் வார்டுக்குள் நுழைந்த முதல் காலையில் கூரையைப் பார்த்தாள்.

புதிய பிளாஸ்திரி. வெள்ளை வெளேரென்று.

"யாரு ஒட்டினது?"

ருஜித்சா கையிலிருந்த சுருளைப் பின்னால் மறைத்தாள்.

"எல்லாரும் சேந்துதாம்மா கேட்டாங்க" என்றாள். "எனக்கும் தோள்பட்ட வலிக்குது."

கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றியிருந்த க்வோஸ்டென் பரிவோடு சொன்னார்: "கோவிக்காத மகளே. அந்த ஆளு கெட்டவன்தான். அதுக்காகக் காத்து நல்லதாயிடுமா?"

ஸ்லாவென்காவின் சினம் பாய்வதற்கு ஒரு முகம் தேடியது. தேடிய முகம் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியவை இந்த முகங்கள்: நோயுற்றவை, அன்பானவை, அஞ்சுபவை. ரதோமிர் அந்த அச்சத்தின் கூலிக்காரர் மட்டுமே. கூலிக்காரரைத் துரத்திவிட்டு முதலாளியை அரியணையிலேயே விட்டுவைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பியைக் கொன்ற அந்த முதலாளி இன்னும் சாகவில்லை.

அவள் செவிலியர் அறைக்குப் போனாள். குழாயைத் திறந்து தலையை அதனடியில் நீட்டினாள். நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.

வார்டு அலறியது. "ஈரத் தலையோடவா! வெளியில பனி கொட்டுது!" ஒரு கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

ஸ்லாவென்கா நாற்காலியில் ஏறிப் பிளாஸ்திரியைக் கிழித்தெறிந்தாள். அதே நாற்காலியைச் சரியாக வாயின் கீழே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குளிர்ந்த காற்று அவள் பிடரியில் இறங்கியது.

"இன்னைக்கு ரவுண்ட்ஸ் இங்கேருந்துதான். நாளைக்கும் இப்படித்தான் வருவேன். நான் செத்தா, பொதைச்ச கையோட ஒட்டிக்குங்க. சாகலைன்னா, ருஜித்சா, அந்தச் சுருள நீயே அடுப்புல போடணும். சம்மதமா?"

"தும்முனா?" என்றார் க்வோஸ்டென். "தும்முனா என்ன கணக்கு?"

"தும்மினா நீங்க ஜெயிச்சீங்க."

கட்டில்களில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ருஜித்சா பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் பிரித்துப் பிடித்தபடி காத்திருந்தாள். காற்று ஈரக் கூந்தலுக்குள் புகுந்து, காதைச் சுற்றி, மூக்கின் வேரைக் கிள்ளியது. தும்மல் வந்தது.

ஸ்லாவென்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள்.

"முதல் கட்டில்" என்றாள். "இருமல் எப்படி இருக்கு?"