மூணு புள்ளி வைத்த நார்ட்டன்

கணபதி என்ற ஊரில் பம்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த சுந்தரராஜுலு, தன் கையெழுத்தையே இரண்டு தரம் பார்த்துத்தான் நம்புவார். அப்படிப்பட்டவர் ஒரு நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மெக்கானிக் ராசப்பனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா?

சண்டைக் காலத்தில் சூலூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓட்டிய வண்டி அது. பிறகு ஏலத்துக்குப் போய், யார் யார் வீட்டுக் கொட்டகையிலோ துருவேறிக் கிடந்து, ஐம்பத்தேழில் இவரிடம் வந்து சேர்ந்தது. மாட்டுவண்டியிலிருந்து இறக்கும்போது கை நழுவி இவரே கீழே போட்டதில், சிலிண்டரைச் சுற்றியிருந்த இரும்புத் தகடுகளில் ஒன்று முனை உடைந்தது. உடைந்த துண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். இத்தனை மெல்லிசாக, ஒரு துளைகூட விழாமல் பர்மிங்ஹாமில் வார்த்திருக்கிறார்கள். தன் பவுண்டரி இப்படி வார்க்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ என்று பொறாமையாகவே இருந்தது.

ராசப்பனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஆயில் எஞ்சின் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கூட்டுப் பத்திரம்கூட எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தார். அவனை விட்டால் அந்த வேலைக்கு ஆளில்லை. ஆனால் ஆள் யோக்கியனா? சீமைப் பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டு உள்ளூர்ச் சரக்கை மாட்டுகிற மெக்கானிக்குகளைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதனால் வண்டியைப் பிரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, பதினொரு பாகங்களில் மறைவான இடமாகப் பார்த்து உளியால் மூன்று மூன்று புள்ளிகள் குத்தி வைத்தார். அதன் பிறகுதான் ராசப்பனைக் கூப்பிட்டு, உடைந்த துண்டோடு வண்டியை ஒப்படைத்தார்.

நாலு மாதத்தில் வண்டி கறுப்பு மினுமினுக்க வந்து நின்றது. ஒரே உதையில் கிளம்பியது. சுந்தரராஜுலுவுக்கு அதுவே உறுத்தியது. பதினேழு வருஷத்து எஞ்சின் இவ்வளவு சொன்னபடி கேட்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, பவுண்டரியில் யாரும் இல்லாத நேரத்தில், ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டார். பத்துப் பாகங்களில் குறி அப்படியே இருந்தது. பதினொன்றாவது சிலிண்டர். அதன் மேல்முகத்தில், மூடி வந்து உட்காரும் இடத்தின் ஓரத்தில் குத்தியிருந்தார். மூடியைக் கழற்றினால் முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. புள்ளியைக் காணோம். டார்ச் அடித்துத் தேடியபோது அதே சிலிண்டரின் வால்வுப் பெட்டிக்குள் மூன்று புள்ளிகள் அகப்பட்டன. ஆனால் அவர் குத்தியது முனை உடைந்த உளியால். அதால் குத்தினால் பிறை போல விழும். இவை முழு வட்டங்கள்.

பயல் குறியைக் கண்டுபிடித்துவிட்டான், சிலிண்டரை மாற்றிவிட்டுக் கள்ளக் குறி போட்டிருக்கிறான்! ஆளனுப்பி ராசப்பனை வரவழைத்தார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும்.

"வாங்க ராசப்பன். நம்ம சிலிண்டரை யாருக்குங்க வித்துப்போட்டீங்க?"

ராசப்பன் கழற்றிப் போட்டிருந்த பாகங்களைப் பார்த்தான். பாக்கெட் கத்தியை எடுத்து, சிலிண்டர் தகடு ஒன்றின் முனையில் பெயிண்டைச் சுரண்டினான். பித்தளையால் பற்றவைத்த கோடு மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

"நீங்க கீழ போட்டு ஒடைச்ச துண்டுங்க இது. நாந்தான் பத்த வெச்சேன்."

சுந்தரராஜுலு குனிந்து பார்த்தார். அந்த முறிவின் கோணலை அவர் மறந்திருக்கவில்லை.

"அப்ப நான் வெச்ச குறி?"

"மூடி உக்கார்ற மொகத்துல போயி யாராச்சும் குத்துவாங்களாங்க? சுத்தியும் மேடு தட்டியிருந்துச்சு. அப்படியே மூடுனா பொகை கக்கும். லேத்துல ஒரு சீவு சீவ வேண்டியதாப் போச்சுங்க. குறி போச்சுன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு உள்ளார நானே குத்தி வெச்சேன்."

தினம் நூறு பம்புக்கு முகம் சீவுகிறவர் அவர். இதைக்கூட யோசிக்காமல் குத்தினோமே என்று காது மடல் சுட்டது.

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க. பதினொண்ணும் பாத்தேன்."

நாலு மாதம். தினமும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறான். சுந்தரராஜுலுவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவசரமாக டிராயரைத் திறந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

"மனசுல வெச்சுக்காத கண்ணு. இதுல கையெழுத்துப் போடு. பாதிக்குப் பாதி."

ராசப்பன் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கழற்றிக் கிடந்த பாகங்களை மாட்டி, கடைசியாகச் சிலிண்டர் மூடியைப் பொருத்தி, ஒவ்வொரு நட்டாக முடுக்கினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க. அந்தக் கடுதாசில எம்பேருக்குப் பக்கத்துலயும் மூணு புள்ளி வெச்சிருப்பீங்க."

"ராசப்பா..."

"வாரேனுங்க."

அவன் போன பிறகு சுந்தரராஜுலு வண்டியை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பிற்று. பத்திரம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.