மூட்டை வாயில் தைத்த சீட்டு

கோழித்தீவன மூட்டையின் வாயைத் தைக்கும்போதே நூலோடு சேர்த்து ஒரு சீட்டையும் தைத்துவிடுவார்கள். நூலை இழுத்தால் சீட்டும் கையோடு வந்து குப்பைக்குப் போகும். இருநூறு கோழிகளுக்குத் தீனி போட்டு, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதி, வாசலில் வைத்து விற்கிற முட்டைக்காரிக்கு அதைப் படிக்க எங்கே நேரம்?

டீச்சரம்மா வந்துதான் கேட்டார். அவர் சொன்னால் நாலு தெருவும் கேட்கும். "மரபணு மாத்துன சோயா எதாவது கோழிக்குப் போடுறியாம்மா? என்ன சாப்பிடுறோம்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இருக்கில்ல?"

நியாயமான கேள்விதான். அன்று முதல்முறையாகச் சீட்டைப் படித்தாள். பொடி எழுத்தில் இருந்தது: மரபணு மாற்றிய சோயா கலந்தது. தீவனக் கடைக்காரர் சிரித்தார். "என்கிட்ட எல்லா மூட்டையும் அதேதான். வேற வேணும்னா நீயே விதைச்சு அறுத்துக்கோ."

கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா? சீட்டை முட்டைத் தட்டுக்கு மேலேயே ஒட்டி வைத்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். "ஊசி போட்ட முட்டையா?" என்றாள் ஒருத்தி. "பிள்ளைங்க இருக்கிற வீடு" என்று நகர்ந்தாள் இன்னொருத்தி. உரிமை கேட்ட டீச்சரம்மா எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். இவர்கள் வாங்கவில்லை என்று கோழி முட்டையை அடக்கிக்கொள்ளுமா? இன்னும் பத்து நாள் இப்படியே போனால் இருநூறும் கறிக்கடைக்குத்தான். அதை நினைத்து அவள் அழுதாள்.

தெரு மூலையில் கடை வைத்திருந்த கொழுந்தன் வந்தான். "அண்ணி, மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்" என்றான். எடுத்தது அடிமாட்டு விலைக்கு. ஆனாலும் கோழிகள் பிழைத்தன. அவனைக் கும்பிடாத குறையாக அனுப்பி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா பச்சைப் பெட்டியோடு வாசலில் நின்றார். மூடியில் பெரிய எழுத்து: மரபணு மாற்றாத தீவனம்.

"கோவிச்சுக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான் காட்டுறேன். மூலைக் கடையில வாங்கினேன். ரெட்டை விலைதான். ஆனா உடைச்சா மஞ்சக்கருவே வேற! நீயும் இப்படி நேர்மையா வளர்க்கலாமே."

பெட்டிக்குள் ஒரு முட்டை புரண்டு கிடந்தது. அதில் பாதி அழிந்த பென்சில் ஏழு. நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அந்தத் தெருக்களில் அப்படி ஏழு எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொழுந்தன் கடை நாறிப்போகும். அதோடு கோழிகளின் கதையும் முடியும். பின்கட்டில் தீனிக்காக அவை கத்திக்கொண்டிருந்தன.

பார்ப்பதுபோல் அந்த முட்டையைக் கையில் எடுத்தாள். ஈர விரலால் பென்சில் குறியைத் தேய்த்து அழித்தாள்.

"ஆமா டீச்சர், நல்ல முட்டைதான்" என்று திருப்பி வைத்தாள்.

அவர் போனதும் பின்கட்டுக்குப் போய்ப் புது மூட்டையின் நூலை இழுத்தாள். சீட்டு கையோடு வந்தது. படிக்காமல் குப்பையில் போட்டாள்.