ஆறும்போது உதிரும் பூச்சு

1
இக்கதை பொறாமையிற் பிறந்தது. என் மனைவி ஸுஹைறா, இயந்திரத் தகடுகளைச் சூட்டினின்று காக்கும் பீங்கான் பூச்சை ஆராய்பவள். ஆயிரம் பாகைச் சூளையில் அதன்மீது கந்தக வாயுவைச் செலுத்திப் பார்ப்பாள். உடன் ஆராய்பவர், அவள் 'சேர்' என்று அழைக்கும் பஹ்மி. சென்ற வாரம் சோற்றின் முன் அமர்ந்து, "பஹ்மி சேர்ட பூச்சு இன்னும் உதிரல்ல மச்சான், மாஷா அல்லாஹ்" என்றாள்.

என் நூல் எதற்கும் அவள் மாஷா அல்லாஹ் சொன்னதில்லை.

2
முதல் தொடக்கம்: 'சூளை எரியும்போதே பூச்சுப் பொலபொலவென உதிர, தடித்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ப. தன் விழிகளை...'

(முடிக்கவில்லை. வாக்கியத்தின் தரத்துக்கு மிஞ்சிய மகிழ்ச்சி எனக்குக் கிடைத்துவிட்டது.)

மேசையிற் கிடந்த தாளை ஸுஹைறா படித்தாள்.

"பிழை மச்சான். எரியக்குள்ள ஒண்டும் தெரியாது. பூச்சை உறுதியா வெச்சிருக்கிற பொருளக் கந்தகம் மெல்ல மெல்ல உருவி எடுத்திரும். ஆறக்குள்ளதான் வீங்கி, வெடிச்சு உதிரும்."

"அப்ப ஆறவிடாமலே வெச்சிருந்தா?"

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள். பிறகு, "ஆரு இந்த ப.?"

"கற்பனை."

"கற்பனைக்கும் பஹ்மி சேர்ட கண்ணாடியா?"

3
ஜப்பானிய ஆய்வுகூடமொன்று அவளையும் பஹ்மியையும் ஒரு வருடத்துக்கு அழைத்திருக்கிறது. "நீங்க ஓமெண்டாத்தான் போவன்" என்கிறாள்.

இரண்டாம் வரைவு: 'கணவன் கதவைக் காட்டி, வெளியே போ என்றான்.'

(நீக்கப்பட்டது. நாங்கள் வாழும் கல்முனைக்குடியில் வீடு பெண்ணுடைய சீதனம். கோபித்தால் வெளியேற வேண்டியவன் கணவன். இவ்வரியையே அவளுடைய வீட்டில், மாமி ஆக்கிய சோற்றை உண்டுவிட்டுத்தான் எழுதினேன்.)

முடிவு அ: அவன் பையைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்கு, உம்மா வீட்டுக்குப் போகிறான். அவள் ஜப்பானுக்குப் போகிறாள், பஹ்மியும் போகிறார். (இப்பாத்திரத்தை மூன்று முறை விமானத்தைத் தவறவிடச் செய்தேன். நம்பும்படி அமையவில்லை.)

முடிவு ஆ: அவன் வேண்டாம் என்கிறான். அவள் சண்டையிடவில்லை, வழக்கம்போலச் சோறு போடுகிறாள், பஹ்மியின் பெயரை மீண்டும் எடுக்கவில்லை. அவர்கள் மகிழ்ச்சியாக...

(அடுத்த சொல் வரவில்லை. எரியும்போது ஒன்றும் தெரியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.)

4
இதை எழுதும்போது அவள் தேநீருடன் வந்து கதவருகே நிற்கிறாள். மறு கையில் தொலைபேசி.

"கதை முடிஞ்சா மச்சான்? சேர் கேக்கிறார். ஜப்பானுக்கு என்ன சொல்ல?"

என் மறுமொழிக்கு மேற்கோட்குறிகளை மட்டும் இட்டு வைத்திருக்கிறேன்:

"          "

வாசகரே, நிரப்புங்கள். கண்ணாடிக்காரரை எண்ணாமல் நிரப்ப உங்களால் இயலும்; என்னால் இயலவில்லை. சற்று விரைவாக. தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.