முந்நூற்று நாற்பத்தேழு கிலோ

பார்சல் அலுவலகக் குமாஸ்தாவின் வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரின் மொத்த எடை முந்நூற்று நாற்பத்தேழு கிலோ. ஊரில் இருந்த மூன்று எடை குறைப்பு கிளினிக்குகளும் ஆறு வருடம் மல்லுக்கட்டியும் அதில் ஒரு கிராமைக்கூட வீட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியவில்லை. குமாஸ்தா தொண்ணூற்றாறு, அவர் மனைவி எண்பத்தெட்டு, முடிதிருத்தும் கடை வைத்திருந்த தம்பி நூற்றிரண்டு, தம்பி மனைவி அறுபத்தொன்று. மருந்துக் கடைக்கு மேலே இருந்த கிளினிக்கில் பச்சைப் பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்ததில் இடுப்பில் பட்டையை மாட்டிக் குலுக்கினார்கள். மூன்றாவதில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் பொடியும் இல்லை, பட்டையும் இல்லை, வாய் மட்டும் இருந்தது. குமாஸ்தாவும் மனைவியும் தம்பியும் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு கிளினிக்கில் சேர்ந்தார்கள். குமாஸ்தா பட்டையில் குலுங்கி நான்கு கிலோ குறைந்த வாரம், மனைவிக்கு மூன்று கிலோவும் தம்பிக்கு ஒரு கிலோவும் ஏறின. மனைவி பொடி குடித்து ஐந்து குறைந்தார். அந்த ஐந்தும் குமாஸ்தாவின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

பார்சலை ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பது குமாஸ்தாவின் தொழில். மூவரின் குட்டும் வெளிப்பட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாரை மொத்தமாக அலுவலக எடை மேடையில் ஏற்றினார். அடுத்த மாதமும் ஏற்றினார். முள் அதே இடத்தில் நின்றது. விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா, “வீட்டுக்குள்ளயே மாத்தி மாத்திக் குடுத்துக்கறீங்க. குடுத்துக்கங்க, எனக்கு வேற வேலை இருக்கு” என்றார். ஊர்க்காரர்களும் அலட்டிக்கொள்ளவில்லை. இரவல் ஏணியைத் தேடி வந்தவர்கள் போல, “இந்த மாசம் யாருகிட்ட இருக்கு?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தம்பி மனைவி உண்டானாள். அவள் வயிறு ஏற ஏற, மற்ற மூவரும் சும்மா இருந்தே இளைத்தார்கள். கவுன்டரில் நின்றிருந்த குமாஸ்தாவின் பேன்ட் ஒருநாள் ஆட்கள் முன்னாலேயே நழுவியது. மூன்று கிளினிக்குகளும் தங்கள் கைராசிதான் என்று மூவரின் படத்தையும் அவரவர் வாசலில் மாட்டின. இங்கேதான் அந்தக் குடும்பத்துக்குப் புத்தி கெட்டது. எதைத் தின்றாலும் இளைக்கிறோம் என்ற தெம்பில் மூவரும் வறுத்ததும் பொரித்ததுமாக வெளுத்துக் கட்டினார்கள். போன எடையெல்லாம் மளமளவென்று அவர்களிடமே திரும்பியது. தம்பி மனைவி மெலிந்துகொண்டே வந்தாள். எட்டாவது மாதமே பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ நானூறு கிராம். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து நாள் பால் குடித்தும் அதே ஒரு கிலோ நானூறு. இப்படியே போனால் தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

குமாஸ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் பிள்ளை கிடையாது. பெட்டிக்குள் விரலை நீட்டியபோது குழந்தை அதைப் பிடித்துக்கொண்டதில் அவர் ஆடிப்போயிருந்தார். வராந்தாவில் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “டேய், புள்ளைக்கு வேண்டிய எடை வெளியில எங்கயும் இல்லடா. நாமதான் தின்னு தொலைச்சு வயித்துல வெச்சிருக்கோம்.”

“அதுக்கு அறுத்தா குடுக்க முடியும், அண்ணே?” என்று தம்பி அழுதான்.

“நடந்து குடுப்போம், வாங்க” என்றார் குமாஸ்தாவின் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

மூவரும் முதல் தடவையாக ஒன்றாகப் போய் டாக்டரம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்ச் முனகியது. அவர் திட்டிய திட்டில் ஒன்றைக்கூட விடாமல் செய்தார்கள். பெற்றவள் மட்டும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது உத்தரவு. முதல் வாரத்தில் குழந்தைக்கு நூற்றிருபது கிராம் ஏறியது, மீதி தாய்க்குப் போனது. மூன்றாவது வாரம் தம்பி பசி பொறுக்காமல், கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒரு தட்டு பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றான். அரை மணி நேரத்தில் கடைக்குப் போன் வந்தது. “முப்பது கிராம் இறங்கிடுச்சு. யாரு என்ன தின்னீங்க?” என்று கேட்டார் நர்ஸ். பாதி மீசை மழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தோளில் துண்டோடு தம்பி ஊரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். நான்காவது சுற்றில் நர்ஸ் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் போதும் என்று கை காட்டினார்.

இரண்டு மாதத்தில் குழந்தை வீட்டுக்கு வந்தது. அவள் தவழ்ந்த வருடம் பெரியம்மாவின் இரட்டைத் தாடை போயிற்று. பள்ளியில் சேர்ந்த வருடம் அப்பாவின் தொந்தி. மளமளவென்று உயர்ந்த வருடங்களில் பெரியப்பாவிடம் இருந்து போனது கொஞ்சநஞ்சமில்லை. பொடிக்காரரும் பட்டைக்காரரும் கடையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பதினாறு வயதில் அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, வீட்டில் மூச்சுவிடாமல் டாக்டரம்மாவிடம் போய், மூன்று கிலோ குறைய வேண்டும் என்றாள். இருப்பதே சரியான எடை என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. “அது உன் பெரியப்பாகிட்டதான் போகும். வாங்கிக்கறாரான்னு கேட்டுட்டு வா” என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

பார்சல் அலுவலகத்தில் பெரியப்பா ஒரு பெட்டிக்கு முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “அதை உனக்குக் கொண்டுவந்து சேர்க்க எவ்வளவு தூரம் நடந்திருக்கேன் தெரியுமா? போய்ச் சேர்ந்த பார்சலைத் திரும்ப வாங்கறதில்ல, கண்ணு.”

அவள் கொஞ்ச நேரம் எடை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள். அவர் கவுன்டரை மூடிவிட்டு எதிர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவர் வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.